வண்ணம் பொய் சொல்லும், புள்ளி சொல்லாது!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் பேரவைச் செயலாளர் மூன்று முறை ஹாஸ்டல் அறைக் கதவைத் தட்டிவிட்டார். "கவிதை வேணாம்டா மாப்ள, ஏற்கெனவே பெட்டி நிறைய காதல் கவிதை வந்து கிடக்கு. உருப்படியா ஏதாச்சும் எழுதிக் கொடு" என்றார். யோசித்துப் பார்த்தேன். உருப்படியாகச் செய்ததைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். உருப்படாமல் செய்த ஒன்றைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை. ஆகவே அதை நானே எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுவதானால் மெஸ்ஸில் வந்து திட்டுங்கள். சாப்பாட்டை விட அது ருசியாகத்தான் இருக்கும்.

விஷயம் எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட். பழைய மொபெட் ஒன்றை எலெக்ட்ரிக் வண்டியாக மாற்றுவது, அதன் பவர்டிரெயினுக்கு கம்ப்யூட்டரில் எபிஷியன்சி மேப் வரைவது. நாங்கள் ஐந்து பேர். மெக்கானிக் அண்ணன் ஒருவர் 48 வோல்ட், 750 வாட் ஹப் மோட்டார் ஒன்றை நம்பிக் கொடுத்தார். "டெஸ்ட் பண்ணி ரிசல்ட்ட மட்டும் எனக்கும் சொல்லுங்க தம்பி" என்பதுதான் அவர் கேட்ட வாடகை. அந்த வாடகையை நாங்கள் எப்படிக் கட்டினோம் என்பதுதான் கதை.

பழைய பிரேக் டெஸ்ட், புதுப் பெயர்

எபிஷியன்சி மேப் என்றவுடன் பயந்துவிடாதீர்கள். இரண்டாம் ஆண்டு லேபில் டி.சி. ஷன்ட் மோட்டாருக்கு பிரேக் டெஸ்ட் செய்தோமே, டிரம்மில் பெல்ட்டைப் போட்டு, இரண்டு ஸ்பிரிங் பேலன்ஸைப் பார்த்து, "சார், தண்ணி ஊத்துங்க, புகை வருது" என்று கத்தினோமே, அதேதான் இது! இரண்டு பேலன்ஸின் வித்தியாசத்தை 9.81-ஆலும் டிரம்மின் ஆரத்தாலும் பெருக்கினால் டார்க். இரண்டு பை என் டி, வகுத்தல் அறுபது என்றால் வெளிவரும் பவர். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் உள்ளே போகும் பவர். வெளியே வந்ததை உள்ளே போனதால் வகுத்தால் எபிஷியன்சி. அவ்வளவுதான்.

எங்கள் மோட்டாரில் எடுத்த ஒரு ரீடிங்கைச் சொல்கிறேன். ஆரம் 0.12 மீட்டர். பேலன்ஸ் வித்தியாசம் 8.5 கிலோ. டார்க் 10 நியூட்டன் மீட்டர். வேகம் 300 ஆர்.பி.எம். வெளிவந்தது 314 வாட். பேட்டரியிலிருந்து போனது 48 வோல்ட், 8.2 ஆம்பியர், ஆக 394 வாட். எபிஷியன்சி 80 சதவீதம். கன்ட்ரோலர், மோட்டார் இரண்டின் இழப்பும் இதற்குள் அடக்கம்.

லேப் ரெக்கார்டில் இதையே ஒரு கோடாக வரைவோம். ஆனால் வண்டி ஒரே வேகத்திலா ஓடுகிறது? சிக்னலில் நின்று கிளம்பும், மேம்பாலம் ஏறும், பைபாஸில் பறக்கும். ஆகவே பல வேகங்களில், பல லோடுகளில் இந்த டெஸ்ட்டைச் செய்ய வேண்டும். கிடைமட்டத்தில் வேகம், செங்குத்தில் டார்க் என்று வைத்து, ஒவ்வொரு இடத்திலும் வந்த எபிஷியன்சியைக் குறித்து, சம அளவு உள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தால் மேப் தயார். சிவில் நண்பர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும். சர்வே கேம்ப்பில் மேட்டையும் பள்ளத்தையும் கான்டூர் போட்டு வரைகிறீர்களே, இதுவும் அதே கான்டூர்தான். உயரத்துக்குப் பதில் எபிஷியன்சி.

இந்த மலையின் வடிவத்துக்கும் காரணம் உண்டு. டார்க் கூடினால் கரண்ட் கூடும், காப்பர் லாஸ் கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறும். வேகம் கூடினால் அயர்ன் லாஸும் காற்று உராய்வும் ஏறும். லோடு மிகக் குறைந்தால் வெளிவரும் வேலையே கொஞ்சம், ஆனால் கன்ட்ரோலர் முதலியவற்றின் நிலையான இழப்பு மட்டும் அப்படியே இருக்கும். அதனால்தான் ஓரங்களில் பள்ளமும் நடுவில் மேடும். வண்டி நின்றபடி மோட்டார் முக்கினால் எபிஷியன்சி பூஜ்யம். கரண்ட் போகிறது, வேலை நடக்கவில்லை. (நம்மில் சிலர் அரியர் பேப்பருக்குப் படிப்பது போல!)

ப்ரோகிராம் எழுதிய கதை

ஆறு த்ராட்டில் நிலை, ஒவ்வொன்றிலும் ஏழு லோடு, மொத்தம் 42 ரீடிங் எடுப்பதாகத் திட்டம். எடுத்தது 31. ஏன் என்றால், ஹப் மோட்டாரில் வெளிக்கூடுதான் சுற்றும். அதன் மேல் இரும்பு வளையம் மாட்டி பெல்ட் போட்டிருந்தோம். லேப் டிரம் போல அதில் தண்ணீர் ஊற்ற வழியில்லை. அதிக வேகமும் அதிக லோடும் சேர்ந்தால் பெல்ட் கருகி நாற்றம் எடுத்தது. "போதும்டா, மீதியை கம்ப்யூட்டர் பார்த்துக்கும்" என்றோம்.

பார்த்துக்கொண்டது, கம்ப்யூட்டர்!

மேட்லாப் வாங்கக் காசில்லை. பைத்தான் இலவசம். ரீடிங்குகளை ஒரு சி.எஸ்.வி. ஃபைலில் அடித்து, பத்து இருபது வரியில் ப்ரோகிராம் எழுதினோம். படிக்க ஒரு வரி, டார்க்குக்கு ஒரு வரி, பவருக்கு இரண்டு வரி, எபிஷியன்சிக்கு ஒரு வரி. பிறகு முழுப் பரப்பையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ரீடிங் இல்லாத கட்டங்களுக்கு அக்கம்பக்கத்து ரீடிங்கிலிருந்து மதிப்பை ஊகிக்க 'கிரிட்டேட்டா' என்கிற கட்டளை. கடைசியில் வண்ணம் தீட்ட 'கான்டூர்எஃப்'. ரன் கொடுத்தோம். வந்தது மேப். ஆனால் வலது மேல் மூலை மட்டும் வெள்ளையாக இருந்தது.

நண்பர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்தக் கட்டளையை நேர்கோட்டு முறையிலோ கியூபிக் முறையிலோ கொடுத்தால், நம் ரீடிங்குகள் சூழ்ந்துள்ள எல்லைக்கு வெளியே அது மதிப்பு எதுவும் கொடுக்காது. "அங்கே நீ அளக்கவில்லை, எனக்குத் தெரியாது" என்று வெள்ளையாக விட்டுவிடும். அன்றைக்கு அந்த அறையில் இருந்த ஆறு பேரில் நேர்மையாகப் பேசியது ஆறாவது ஆளான அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். நாங்களோ, "என்னடா இது, மூலை மொட்டையா இருக்கு, பார்க்கவே நல்லா இல்லையே" என்றோம்.

இணையத்தில் தேடினோம். பரப்பு முழுவதையும் நிரப்புகிற வேறொரு கட்டளை கிடைத்தது. போட்டோம். அது என்ன செய்தது? கடைசி ரீடிங்குகளில் எபிஷியன்சி மெல்ல ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அந்த ஏற்றத்தை அப்படியே மூலை வரை இழுத்துக்கொண்டு போனது. மூலையில் வந்த மதிப்பு 104 சதவீதம்! உள்ளே 100 வாட் போனால் வெளியே 104 வாட். உலகத்தின் மின்பற்றாக்குறையை ஐந்து டிப்ளமா மாணவர்கள் தீர்த்துவிட்டோம்!

சிரித்தோம். சிரித்த பிறகாவது திருந்தினோமா? இல்லை. 104 வெளியே தெரியக் கூடாதே என்று, "88-க்கு மேல் வந்தால் 88 என்றே வை" என இன்னொரு வரி சேர்த்தோம். ஏன் 88? ஏதோ ஒரு மோட்டாரின் விளம்பரத் தாளில் அந்த எண் இருந்தது. அவ்வளவுதான் காரணம். நாங்கள் உண்மையில் அளந்த 31 ரீடிங்கில் மிக உயர்ந்தது 81.

மேப் அழகாக வந்தது. நீலம், பச்சை, மஞ்சள், மூலையில் தகதகவென்று சிவப்பு. கலர் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, வைவாவுக்குப் போனோம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்தைப் புரட்டி, "குட், வெரி நைஸ் ப்ளாட்" என்று கையெழுத்துப் போட்டார். மதிப்பெண்ணும் வந்தது. தேர்வாளரைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளில் எத்தனை குழுவைத்தான் அவர் பார்ப்பார்? பொய் எழுதியது நாங்கள்.

உண்மையான எக்ஸ்டர்னல்

எங்களை வைவா எடுத்தது வேறொருவர். தண்ணீர் கேன் போடும் அண்ணன் ஒருவர்.

மெக்கானிக் அண்ணன் எங்கள் ரிசல்ட்டைக் கேட்டார். "88 வரைக்கும் வருதுண்ணே" என்றோம் பெருமையாக. அவர் அந்த மோட்டாரை மொபெட்டில் மாட்டி, கேன் போடுகிற அண்ணனுக்கு விற்கப் பேசிவைத்திருந்தார். "ஆறு கேன் ஏத்தினா ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் தம்பி?" என்று கேட்டார். நாங்களும் கணக்குப் போட்டோம். வண்டி, ஆள், 120 கிலோ தண்ணீர், மொத்தம் 270 கிலோ. சுமார் 20 கிலோமீட்டர் வேகம், கிலோமீட்டருக்கு ஐந்து முறை நின்று கிளம்புவது. சக்கரத்தில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 18 வாட் அவர் தேவை. பேட்டரி 48 வோல்ட், 24 ஆம்பியர் அவர். அதில் எண்பது சதவீதம் பயன்படுத்தினால் சுமார் 920 வாட் அவர். எபிஷியன்சி 88 என்று வைத்தால் 45 கிலோமீட்டர். சொல்லிவிட்டோம்.

வண்டி 33 கிலோமீட்டரில் நின்றது.

மே மாத வெயில். கேனோடு இருந்த வண்டியை அந்த அண்ணன் தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தியபோது நானும் அங்கே இருந்தேன். அவர் எங்களைத் திட்டவில்லை. "படிச்ச புள்ளைங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன் நண்பர்களே. இதை மறக்க முடியவில்லை.

அன்று இரவு எங்கள் ரெக்கார்டைத் திறந்தேன். கேன் வண்டி எங்கே வாழ்கிறது? நின்று கிளம்பும் இடத்தில். அதாவது வேகம் குறைவு, டார்க் அதிகம். அந்த இடத்தில் எங்களிடம் ரீடிங் இருந்தது! 20 நியூட்டன் மீட்டர், 110 ஆர்.பி.எம்.: வெளிவந்தது 230 வாட், போனது 400 வாட், எபிஷியன்சி 58 சதவீதம். 58-க்கும் 80-க்கும் இடையில்தான் அந்த வண்டி நாள் முழுவதும் ஓடுகிறது. சராசரி 65 என்று போட்டுப் பார்த்தேன். விடை 33 கிலோமீட்டர். சரியான விடை எங்கள் நோட்டிலேயே இருந்தது. நாங்கள்தான் அதன் மேல் வண்ணம் பூசி மறைத்திருந்தோம்.

இரண்டு பாவம் செய்திருக்கிறோம். ஒன்று, அளக்காத இடத்துக்கு மதிப்புப் போட்டது. இரண்டு, மேப்பில் உள்ள உச்சத்தையே வண்டியின் எபிஷியன்சி என்று சொன்னது. முதல் பாவம் மாணவர்கள் செய்வது. இரண்டாவதை விளம்பரங்களிலும் பார்க்கிறோம். மலையின் உச்சி எவ்வளவு உயரம் என்பது முக்கியமல்ல. நம் வண்டி மலையில் எந்த இடத்தில் குடியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

பெரிய வண்டிக்கும் இதே நியாயம்தான்

"இது பழைய மொபெட் சமாச்சாரம்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். நிஸான் லீஃப் காரை எடுத்துக்கொள்வோம். 2010-ல் விற்பனைக்கு வந்த அந்த முதல் மாடலின் மோட்டார் 80 கிலோவாட், 280 நியூட்டன் மீட்டர். ப்ரோகிராமில் டார்க்கை 0 முதல் 280 வரை, வேகத்தை 0 முதல் 10,000 வரை என்று கட்டம் போட்டால் ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் வலது மேல் மூலை என்ன கேட்கிறது தெரியுமா? 280 நியூட்டன் மீட்டரை 10,000 ஆர்.பி.எம்.மில். கணக்குப் போட்டால் 293 கிலோவாட்! 80 கிலோவாட் மோட்டாரிடம் 293 கேட்கிற அந்த மூலைக்கும் நிரப்புகிற கட்டளை சிரித்துக்கொண்டே வண்ணம் அடிக்கும். உண்மையில் சுமார் 2,700 ஆர்.பி.எம்.முக்கு மேல் டார்க் இறங்கத் தொடங்க வேண்டும். 10,000-ல் 76 நியூட்டன் மீட்டர்தான் மிஞ்சும். அந்த எல்லைக் கோட்டை வரைந்து, அதற்கு மேலே உள்ளதை வெட்டி எறிய வேண்டியது ப்ரோகிராம் எழுதுகிற நம் பொறுப்பு.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் டொயோட்டா பிரியஸ், நிஸான் லீஃப் போன்ற வண்டிகளைக் கழற்றி, மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் பெஞ்சில் ஏற்றி, அளந்து, மேப் போட்டு அறிக்கையாக வெளியிட்டது. வண்டி செய்த கம்பெனி சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளாமல், தாங்களே பிரித்து அளந்தார்கள். எபிஷியன்சி மேப்புக்கு மரியாதை வந்தது வண்ணத்தால் அல்ல, அந்தப் பெஞ்சால்.

நாம் பைத்தானில் வண்ணம் தீட்டும் 'மேட்ப்ளாட்லிப்' 2003-ல் வெளிவந்தது. அதை எழுதிய ஜான் ஹண்டர் நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்அலைகளைப் பார்க்க ஒரு கருவி தேவைப்பட்டு அதை உருவாக்கி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். நோயாளியின் மூளையில் அளக்காத இடத்துக்கு யாராவது அழகுக்காக வண்ணம் அடிப்பார்களா? மோட்டாருக்கு மட்டும் ஏன் அடிக்கிறோம்?

"நாம டிப்ளமாதானே?"

இதைச் சொன்னால் சில நண்பர்கள் கேட்கிறார்கள். "ப்ரோகிராம் எல்லாம் பி.இ. பசங்க வேலைடா. நமக்கு எதுக்கு? கடையில ரெடிமேடா ப்ராஜெக்ட் கிடைக்குது, கோடும் சேர்த்தே தர்றான்."

இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். ஓசூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. அங்கே டெஸ்ட் பெஞ்சுக்கு முன்னால் நின்று மீட்டரைப் பார்த்து எண் எழுதும் வேலைக்குப் போகப்போகிறவர்கள் நாம்தான். பெல்ட் கருகும் நாற்றம் யாருக்குத் தெரியும்? நமக்குத்தான் தெரியும். பேலன்ஸின் முள் 200 கிராம் முன்னே பின்னே ஆடும் என்பதும் நமக்குத்தான் தெரியும். அந்த 200 கிராம், 8.5 கிலோ வித்தியாசத்தில் பெரிதல்ல. ஆனால் 2 நியூட்டன் மீட்டர் லோடில் வித்தியாசமே 1.7 கிலோதான். அங்கே 66 சதவீதம் என்று எழுதினால், உண்மை 58-ஆகவும் இருக்கலாம், 74-ஆகவும் இருக்கலாம். இதை அறிந்தவன் ப்ரோகிராமும் எழுதினால்தான் மேப் உண்மை பேசும். அளப்பவன் ஒருவன், வரைபவன் வேறொருவன் என்றால் நடுவில் பொய் புகுந்துவிடும். கடையில் வாங்கிய கோடில் என்ன ரீடிங் இருக்கும்? யாரோ, எந்த மோட்டாருக்கோ, எந்த ஊரிலோ எடுத்தது. எடுத்ததா என்பதே சந்தேகம்! இழப்புக்கு ஒரு சமன்பாடு, அதில் நான்கு மாறிலி, பிடித்த எண்களைப் போட்டால் மோட்டாரே இல்லாமல் மேப் வரும். அது மேப் அல்ல, கோலம். கோலத்துக்கும் வாசலில் புள்ளி வைத்துத்தான் கோடு இழுப்பார்கள்!

புள்ளி வைப்போம்

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. ஜூனியர்கள் கவனிக்கவும்.

மேப் வரைந்தால் அதன் மேல் நீங்கள் அளந்த ஒவ்வொரு இடத்திலும் கறுப்புப் புள்ளி வையுங்கள். 'ஸ்காட்டர்' என்று ஒரே ஒரு வரி கூடுதல். பார்க்கிறவர் எங்கே அளந்தீர்கள், எங்கே ஊகித்தீர்கள் என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்வார்.

அளக்காத இடத்தை வெள்ளையாக விடுங்கள். வெள்ளை அசிங்கமல்ல, அடக்கம்.

நூற்றுக்கு மேல் வந்தால் வெட்டி மறைக்காதீர்கள். அது உங்கள் தவறைக் காட்ட வந்த நண்பன். எந்த ரீடிங், எந்த மீட்டர், எந்த வரி என்று தேடுங்கள்.

உச்ச எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். வண்டி எந்த வேலைக்குப் போகிறதோ, அந்த இடத்து எண்ணைச் சொல்லுங்கள்.

நம் பேரவைக்கும் ஒரு கோரிக்கை. விழாவுக்கும் பேனருக்கும் செலவிடுகிறோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. லேப் மூலையில் கிடக்கும் பழைய பிரேக் டிரம்மைச் சரிசெய்து, ஹப் மோட்டார் பொருத்தும் ஒரு பொது டெஸ்ட் பெஞ்ச் அமைக்கத் துறைத் தலைவரிடம் சேர்ந்து கேட்போம். ஒவ்வோர் ஆண்டும் எடுக்கும் ரீடிங்குகளை ஒரே ஃபைலில், எடுத்தவர் பெயருடன் சேமித்து வைப்போம். அடுத்த செட் அதிலிருந்து தொடங்கட்டும். ரெடிமேட் கடைக்குப் போகிற காசும் மிச்சம், மானமும் மிச்சம்.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். விடுபட்ட 11 ரீடிங்கையும், ஈரச் சாக்கு போட்டுக் குளிரவைத்து, இரண்டு சனிக்கிழமைகளில் எடுத்து முடித்தோம். தகதகத்த அந்தச் சிவப்பு மூலையில் வந்தது 83. புதிய மேப்பை, 42 கறுப்புப் புள்ளிகளுடன், மெக்கானிக் அண்ணன் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பக்கத்திலேயே கொட்டை எழுத்தில், "ஆறு கேனுக்கு 33 கிலோமீட்டர்" என்றும் எழுதினோம். கேன் அண்ணன் இப்போது மதியம் ஒருமுறை வீட்டுக்குப் போய் சார்ஜ் போட்டுவிட்டுக் கிளம்புகிறார். வண்டி வழியில் நிற்பதில்லை.

மதிப்பெண் பட்டியலில் அந்த ப்ராஜெக்ட்டுக்கு வந்த எண் அப்படியே இருக்கிறது. அது 88-ஐப் பார்த்துப் போட்ட மதிப்பெண். சுவரில் உள்ள 33-தான் எங்களுக்கு உண்மையாக வந்த மதிப்பெண்.

சிந்திப்போம் நண்பர்களே! முதலில் அளப்போம், பிறகு வரைவோம்!

அன்புடன்,
இறுதியாண்டு மாணவன்,
மின் மற்றும் மின்னணுவியல் துறை